பழைய கணினியில் லேசான லினக்ஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

"போட்டுப் பார்த்தேன், சரிப்படலை."

பழைய லேப்டாப்பில் லுபுண்டு, பப்பி போன்ற லேசான லினக்ஸ் ஏதாவது முயன்றவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். என்ன சரிப்படவில்லை என்று துருவினால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்குப் பென்டிரைவே பூட் ஆகவில்லை. இன்னொருவருக்கு வைஃபை இல்லை. மூன்றாமவருக்கு எல்லாமே ஓடுகிறது, வீடியோ மட்டும் திணறுகிறது. மூவரும் அடுத்துச் செய்தது ஒரே காரியம்: வேறொரு டிஸ்ட்ரோவை, அதாவது வேறொரு லினக்ஸ் வகையை, இறக்கினார்கள். அதிலும் அதே கோளாறு.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததிலிருந்து இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் திரும்பி வந்து சொன்னதை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். டிஸ்ட்ரோவை மாற்றினால் தீரும் கோளாறு இவற்றில் மிகச் சிலவே. அவை எவை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதற்கெல்லாம் இன்னொரு ஐஎஸ்ஓவை (டிஸ்ட்ரோ முழுதும் அடங்கிய கோப்பை) இறக்குவது டேட்டாவுக்குத்தான் கேடு.

## பென்டிரைவைச் செருகினாலும் பழைய விண்டோஸே வருகிறது

முதலில் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் இருக்கிறதா? அப்படியானால் அதை வெறுமனே காப்பி செய்திருக்கிறீர்கள். அது பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவியை வைத்து அதை 'எழுத' வேண்டும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு. ஒருமுறை அதைப் பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே போட்டுவைக்கலாம், நான்கைந்தைக்கூட. பலவற்றை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

சரியாக எழுதியும் வரவில்லையா? விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் அது முழுமையாக அணைந்திருக்காது. 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் முழுதாக அணைத்து எழுப்பும். திரை எழும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் எது உங்கள் கணினிக்கான பூட் சாவியோ அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதாது.

பட்டியலில் பென்டிரைவ் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் 'செக்யூர் பூட்' என்று ஏதோ சொல்லித் தடுக்கிறது என்றால், பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அதை அணைக்க வேண்டும். பெரிய டிஸ்ட்ரோக்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. பல சிறிய டிஸ்ட்ரோக்களுக்குத் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் செக்யூர் பூட்டைத் தொட்டதும் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடி அழக்கூடாது.

இன்னொரு வினோதம் உண்டு. இன்டெலின் பே டிரெய்ல் ஆட்டம் சிப் போட்ட சின்ன லேப்டாப்கள், டேப்லெட்கள் பலவற்றில் சிப் 64-பிட், ஆனால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) 32-பிட். சாதாரண 64-பிட் பென்டிரைவ் அதன் பட்டியலிலேயே தலைகாட்டாது. இங்கே டிஸ்ட்ரோவை மாற்றுவது சரியான மருந்து. 32-பிட் யூஇஎஃப்ஐக்கான பூட் கோப்பும் சேர்ந்துவரும் எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது ஆன்டிஎக்ஸை எடுங்கள்.

யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யவே தெரியாத கிழட்டுக் கணினி என்றால், பிளாப் பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதி, சிடி வழியாகப் பென்டிரைவை எழுப்பலாம்.

## துவங்குகிறது, நாலு வரி எழுத்து வந்து நின்றுவிடுகிறது

அந்த நாலு வரியைப் படியுங்கள். "ஏதோ எர்ரர்" என்று சொல்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

'இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஐ686தான் இருக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தால், உங்கள் சிப் 32-பிட். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. இதைப் பெயரை வைத்து ஊகித்து ஏமாந்தவர்கள் நிறைய. கோர் டுயோ 32-பிட், கோர் 2 டுயோ 64-பிட். 2008இல் வந்த குட்டி நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 32-பிட், அதன் பின் வந்த என்450 64-பிட்.

டிஸ்ட்ரோவை மாற்றியே ஆக வேண்டிய இன்னொரு இடம் இது. ஆனால் கடை காலியாகிக்கொண்டிருக்கிறது. லுபுண்டு 19.04இலிருந்தே 32-பிட் இல்லை. லினக்ஸ் மின்ட் 20இலிருந்து முக்கியப் பதிப்பில் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணினிக்கான இன்ஸ்டாலரையும் கெர்னலையும் கைவிட்டுவிட்டது. டெபியன் 12, அதன்மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23, பப்பியின் சில பதிப்புகள், டைனி கோர் ஆகியவை மிச்சம். டைனி கோரின் அடிப்படை ஐஎஸ்ஓ 20 எம்பி சொச்சம்தான் என்று மயங்கிவிடாதீர்கள். அதில் வைஃபைகூட இருக்காது. கோர்பிளஸ் என்ற பெரிய பதிப்பை எடுத்தால்தான் பிழைக்கலாம்.

'பிஏஇ' (32-பிட் சிப் 4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளும் திறன்) இல்லை என்று புலம்பினால் அநேகமாக அது பழைய பென்டியம் எம் சிப். அந்தச் சிப்களில் சிலவற்றுக்கு அந்தத் திறன் உண்டு, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளத்தான் தெரியாது. பூட் வரியில் (அதைத் திறக்கும் விதம் அடுத்த பகுதியில்) 'ஃபோர்ஸ்பிஏஇ' என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒட்டாக எழுதிச் சேர்த்தால் ஓடும்.

'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தால், பூட் பாதி நடந்தபின் பென்டிரைவைக் காணாமல் தொலைத்துவிட்டது என்று பொருள். நீலநிற யூஎஸ்பி 3 துளையிலிருந்து எடுத்துக் கறுப்புத் துளையில் செருகுங்கள். அப்படியும் வந்தால் இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டுவது)த் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் வேறு பென்டிரைவ்.

## லோகோ வந்தது, பிறகு கருப்புத் திரை

கிராஃபிக்ஸ் சிப்பும் கெர்னலும் ஒத்துப்போகவில்லை. பூட் பட்டியலில் நிற்கும்போது ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டினால் வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி எஃப்10 அழுத்துங்கள். பல சிறிய டிஸ்ட்ரோக்களில் 'ஃபெயில்சேஃப்', 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று பட்டியலிலேயே இதற்கொரு தேர்வு இருக்கும்.

திரை வந்துவிட்டதா? சந்தோஷம். ஆனால் இது நடைவண்டி மாதிரி. இப்போது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலையையும் சேர்த்துச் சிபியுவே செய்துகொண்டிருக்கிறது. நிறுவி முடித்து, அப்டேட் போட்டு, தேவையான டிரைவரை ஏற்றியபின் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பூட் செய்து பாருங்கள். எடுக்க மறந்துவிட்டு "லினக்ஸ் மகா ஸ்லோ" என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டம் என்2600, என்2800 சிப் உள்ள நெட்புக்குகளில் நடைவண்டியை எடுக்கவே முடியாமல் போகலாம். அவற்றில் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி இன்டெல் சொந்தமாக வடித்ததல்ல, பவர்விஆர் வகை. லினக்ஸில் அதற்கு ஒழுங்கான டிரைவர் அமையவே இல்லை. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் அதே கதைதான். அலையாதீர்கள்.

## எல்லாம் சரி, வைஃபை மட்டும் இல்லை

நெட் இருந்தால்தான் டிரைவர் இறக்க முடியும், டிரைவர் இருந்தால்தான் நெட். இந்த முடிச்சை அவிழ்க்க ஃபோனைக் கேபிளில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். அநேகமாக எல்லா லினக்ஸும் அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும். ஃபோன் வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது.

அதற்கு முன் ஒரு விஷயம்: லேப்டாப்பின் பக்கவாட்டில் வைஃபை சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒரு மாலை முழுக்க டிரைவர் தேடியபின் விரலில் அந்தச் சுவிட்ச் தட்டுப்பட்டவன் சொல்கிறேன்.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்தால் சிப்பின் பெயர் தெரியும். பழைய லேப்டாப்களில் அங்கே பிராட்காம் என்று வந்தால், தனியாக ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள்) ஏற்ற வேண்டியிருக்கும் என்று எதிர்பாருங்கள். உபுண்டு குடும்பத்தில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பகுதியே அதைப் பார்த்துக்கொள்ளும். டெபியனில் 12ஆம் பதிப்பிலிருந்து அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரும் சேர்ந்து வருகிறது. டெபியன் 11ஐ முயன்று வைஃபை இல்லாமல் விட்டவர்கள் இன்னொரு தடவை பார்க்கலாம்.

## நேற்று செய்ததெல்லாம் இன்று காணோம்

பென்டிரைவிலிருந்து 'லைவ்' ஆக ஓட்டும்போது எல்லாம் ரேமில்தான் நடக்கிறது. அணைத்தால் போச்சு. பப்பியில் முதல் முறை அணைக்கும்போது "சேமிக்கவா?" என்று கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' தட்டியவர்கள்தான் இந்தக் குறையோடு வருவார்கள். 'சேமி' என்று சொன்னால் கோப்பாகவா ஃபோல்டராகவா என்று அடுத்த கேள்வி. பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் கோப்புதான் வழி, அதுவும் 4 ஜிபிக்குள்தான். ஆன்டிஎக்ஸிலும் எம்எக்ஸிலும் 'பெர்சிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பப்பி எழுந்ததும் கோணல்மாணலாக நடந்துகொண்டால், சேமிப்பைப் படிக்காமல் துவங்கும் தேர்வு பூட் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். அதில் சரியாக ஓடினால் கெட்டது சேமிப்புக் கோப்பு, பப்பி அல்ல.

## லேசு என்றார்கள், ஆமை மாதிரி நகர்கிறது

அதிகம் வரும் குறை இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் 2 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். லுபுண்டு போட்டிருந்தார். "இதுவா லேசு?" என்று என் முன்னால் வைத்தார். ஒரு ஓரத்தில், ரேமும் சிபியுவும் எவ்வளவு செலவாகின்றன என்று காட்டும் 'எச்டாப்' ஓடவிட்டேன். துவங்கியதும் 500 எம்பிகூட நிரம்பவில்லை. மெனு டக்கென்று திறந்தது. "இப்போது நீங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள்" என்றேன். பிரவுசரைத் திறந்து மெயில், ஒரு செய்தித் தளம், ஒரு வீடியோ என்று மூன்று டேப்கள். ரேம் பட்டை வலது ஓரத்தைத் தொட்டது. அதன் கீழே ஸ்வாப் (ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் ஒதுங்கும் இடம்) பட்டை மெல்ல வளரத் தொடங்கியது. லேப்டாப்பின் முன்விளிம்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது. மௌஸ் உறைந்துபோனது.

எல்எக்ஸ்க்யூட்டி, எக்ஸ்எஃப்சிஇ என்று டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடிக்கும் நூறு இருநூறு எம்பியை ஒரே ஒரு டேப் விழுங்கிவிடும். லேசான இயங்குதளம் கணினியைத்தான் லேசாக்கும். இணையதளங்களின் எடையை அது குறைக்காது.

ஆகவே அந்த விளக்கையும் எச்டாப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

விளக்கு நிலையாக எரிகிறது, ஸ்வாப் வளர்கிறது: ரேம் போதவில்லை. இன்னொரு ரேம் துண்டு போட முடிந்தால் அதுதான் முதல் மருந்து. முடியாவிட்டால் 'இசட்ரேம்' ஏற்றுங்கள். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் உத்தி அது. ஃபெடோரா 33ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே வைத்திருக்கிறது. டெபியன் குடும்பத்தில் 'இசட்ரேம் டூல்ஸ்' என்று தனியாக நிறுவ வேண்டும். கூடவே 'ஏர்லி ஓஓஎம்'. மொத்தமும் உறைவதற்கு முன்பே, அதிகம் விழுங்கும் புரோகிராமை அது மூடிவிடும். டேப் ஒன்று திடீரென்று செத்துப்போவது எரிச்சல்தான், பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதைவிட மேல். விளம்பரத் தடுப்பான் நீட்சி ஒன்றையும் பிரவுசரில் போடுங்கள்.

விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் ரேம் காலியாகத்தான் இருக்கிறது: டிஸ்க் மெதுவானது அல்லது சாகக் கிடக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறு தடவை எடுத்துக் கொடுத்தாலே பெரிது. எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் கொடுக்கும். பழைய சாட்டா 2 இணைப்பின் 300 எம்பி வேகம் தடை என்று யோசிக்க வேண்டாம், வித்தியாசம் அங்கே இல்லை. 'டிஸ்க்ஸ்' கருவியில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து, 'ரீஅலோகேட்டட் செக்டார்' (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். ஏறினால் அன்றைக்கே கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். நிறுவும்போது பாதியில் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

விளக்கு அணைந்திருக்கிறது, சிபியு பட்டைகள் நூறில் நிற்கின்றன: யார் தின்கிறார்கள் என்று எச்டாப்பின் முதல் வரியே சொல்லும். நிறுவிய கையோடு என்றால் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், பத்து நிமிடம் விடுங்கள். எதைச் செய்தாலும் நூறு என்றால் சிபியு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டாலும் அப்படித்தான், கடைசிப் படியில் நின்றுவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடினால் குற்றவாளி சார்ஜர்.

சாளரத்தை இழுத்தால் வால் நீள்கிறது: 'ஐ-என்-எக்ஸ்-ஐ' என்ற நான்கெழுத்துக் கட்டளையோடு, ஒரு கழித்தல் குறியும் பெரிய 'ஜி'யும் சேர்த்துக் கொடுங்கள். பதிலில் 'எல்எல்விஎம்பைப்' என்ற சொல் கண்ணில் பட்டால் கிராஃபிக்ஸ் வேலை சிபியு தலையில் விழுந்திருக்கிறது. மேலே சொன்ன நோமோட்செட் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் எக்ஸ்எஃப்சிஇயில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' போய், சாளரங்களுக்கு நிழல் போன்ற அலங்காரம் தரும் கம்பாசிட்டரை அணையுங்கள். நிழல் போகும், வால் குறையும்.

## வீடியோ மட்டும் திக்குகிறது

யூடியூப் வீடியோவின் மேல் வலது க்ளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். 'கோடெக்ஸ்' வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருக்கிறதா? பழைய கிராஃபிக்ஸ் சிப்களுக்கு அவை தெரியாது, சிபியு ஒவ்வொரு படமாக அவிழ்த்துக்கொண்டிருக்கும். மேலே 'டிராப்ட்' எண்ணிக்கை எகிறுவது அதனால்தான். 'எச்264ஐஃபை' நீட்சியைப் போட்டால் அந்த வரி ஏவிசி1 என்று மாறும். பழைய சிபியுவுக்கும் இது கொஞ்சம் சுமை குறைவு. 480பி போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பிரவுசர் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டால் காரணம் வேறு. குரோமியம் 2021இல் வந்த 89ஆம் பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிபியுவைக் கேட்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு எஸ்எஸ்இ2 வேண்டும். பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி இரண்டிலும் அது இல்லை. 32-பிட் லினக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸின் வழக்கமான பதிப்பே 144ஓடு முடிந்துவிட்டது.

## எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது. தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் 'எதிர்காலத்தில்' வழங்கப்பட்டவை என்று கணினி நம்புகிறது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும், அணைத்துப் போட்டால் திரும்ப வரும். பேட்டரியை மாற்றினால்தான் தீரும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் நேரம் மட்டும் சில மணி நேரம் தள்ளிப்போனால் பேட்டரி காரணமல்ல. ஒன்று வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, மற்றது உள்ளூர் நேரமாக. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், சண்டை ஓயும்.

## சில்லறைத் தொந்தரவுகள்

சத்தம் வரவில்லை: டெர்மினலில் 'ஆல்சாமிக்ஸர்'. பட்டையின் கீழே 'எம்எம்' என்று இருந்தால் ஊமையாக இருக்கிறது, எம் எழுத்தைத் தட்டுங்கள். அப்படியும் இல்லை என்றால் சத்தம் எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருக்கும், வெளியீட்டை மாற்றுங்கள்.

டச்பேடில் தட்டினால் க்ளிக் ஆகவில்லை: பழுதல்ல, அமைப்பில் 'டேப் டு க்ளிக்' அணைந்திருக்கிறது.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது: எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் அதனுடன் எம்17என் தொகுப்பும். தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் அதில் வரும்.

லைவாக ஓட்டும்போது பாஸ்வேர்டு கேட்கிறது: ஆன்டிஎக்ஸிலும் எம்எக்ஸிலும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் 'டெமோ'. ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) 'ரூட்'. பப்பியில் ரூட்டின் பாஸ்வேர்டு 'வூஃப்வூஃப்'. நாய்க்குட்டி குரைக்காமல் எப்படி?

மூடியை மூடித் திறந்தால் எழவில்லை: பழைய கணினிகளில் இதை நான் துரத்துவதை விட்டுவிட்டேன். அணைத்துப் போடுங்கள்.

## நிறுவப் போனால் டிஸ்க்கே தெரியவில்லை

பயாஸில் சாட்டா அமைப்பு 'ரெய்ட்' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருக்கும், 'ஏஎச்சிஐ' ஆக்க வேண்டும். விண்டோஸும் அதே டிஸ்க்கில் வேண்டும் என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், விண்டோஸ் எழாது. முதலில் அதைச் சேஃப் மோடில் துவங்கும்படி வைத்துவிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டுத் திரும்ப வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

## இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் சரிப்படவில்லை

என்னிடம் ஒரு நெட்புக் இருக்கிறது. ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். ஐந்து டிஸ்ட்ரோ போட்டுப் பார்த்தபின்தான் அதற்கு இன்றைய பிரவுசர் சுமக்க முடியாது என்று ஒப்புக்கொண்டேன். இப்போது அதில் ஆன்டிஎக்ஸ். பெரிய பிரவுசருக்குப் பதில் டில்லோ என்ற குட்டிப் பிரவுசர். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது, எழுத்தும் படமும் உள்ள பக்கங்களை மட்டும் நொடியில் காட்டும். வங்கி வேலை, வீடியோ எதற்கும் அதைத் தொடுவதில்லை. அலமாரி மேல் ஸ்பீக்கரோடு சேர்ந்து உட்கார்ந்து எம்பி3 பாடிக்கொண்டிருக்கிறது. எச்டாப்பில் சிபியு பத்து சதவிகிதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.